குர்குமின் + மிளகுச் சாறு கேப்ஸ்யூல்: கீமோ ஓடும்போது வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

5க்கு 1 கொடுக்கிறேன். அந்த ஒன்றும் லேபிளில் எது எவ்வளவு என்று தெளிவாகப் போட்டிருந்ததற்காக. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் எங்கள் டாக்டரால் விஷயத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே சேர்மானத்தை இன்று பல பேர் விற்கிறார்கள், பாட்டிலின் நிறம்தான் மாறும். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினாய்டு 95% சாறு 500 மில்லிகிராம், மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 10 மில்லிகிராம், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று. நாங்கள் வாங்கியது 60 கேப்ஸ்யூல், 1,349 ரூபாய். உள்ளே ஒரு மடித்த தாள் வைத்திருந்தார்கள், "புற்றுநோய் மரபணுக்களை இயற்கையாக அணைக்கும்" என்று கொட்டை எழுத்தில். நான் எழுத வந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

என் அம்மாவுக்கு வயது 47. மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று நாலு கீமோ, அதில் ஒன்று அந்தச் சிவப்பு மருந்து, பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் வாரம் ஒன்றாக பன்னிரண்டு பாக்லிடாக்சல், அதுவும் கீமோ மருந்துதான். மூன்றாவது பாக்லிடாக்சல் முடிந்த மறுநாள் சின்ன மாமா இந்தப் பாட்டிலோடு வந்தார். மாமாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம், விரலி எது கிழங்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே சொல்வார். அவர் அக்காவுக்கு முடி கொட்டியதைப் பார்த்து வெளியே போய் அழுதுவிட்டு வந்த மனிதர். "மஞ்சள்ல என்ன கண்ணு கெடுதல் இருக்கப் போகுது, நம்ம பொருள்தானே" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

19 நாள் கொடுத்தோம், 38 கேப்ஸ்யூல். பொருளைப் பற்றிச் சொல்வதென்றால், கேப்ஸ்யூல் பெரிது, கீமோவில் வாய்ப்புண் வந்தவர்களுக்கு விழுங்கக் கஷ்டம். ஒரு மணி நேரம் கழித்து மிளகு ஏப்பம் வரும், வயிறு இளகும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சள், விரலில் ஒட்டினால் மூன்று நாள் போகாது, அதனால் உள்ளே குர்குமின் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஈயம் இருக்கிறதா என்று பார்த்த பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று கஸ்டமர் கேரில் கேட்டேன், ஏனென்றால் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈய குரோமேட் போடுகிற பழக்கம் பங்களாதேஷில் ஆராய்ச்சியாளர்கள் 2019இல் ஆதாரத்தோடு காட்டிய ஒன்று. அவர்கள் அனுப்பியது வேறு பேட்ச் எண்ணுக்கான அறிக்கை. திரும்பக் கேட்டதற்கு "எல்லா பேட்ச்சும் ஒன்றுதான் மேடம்" என்றார்கள்.

ஆறாவது பாக்லிடாக்சலுக்கு முந்தைய நாள் ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் கெட்டால் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. என்ற எண் 172. மூன்றாவது பாக்லிடாக்சலின்போது அது 31. கீமோ கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார், அம்மா தயங்கித் தயங்கி "மஞ்சள் மாத்திரை மட்டும்தானுங்க" என்றார். மறுநாள் பாட்டிலைக் கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்த பைப்பரின் வரியில் விரலை வைத்தார். "மஞ்சளை விட எனக்கு இதுதான் பயம்மா" என்றார்.

நிறுத்தினோம். ஒரு வாரத்தில் 96, இரண்டாவது வாரம் 48. அப்புறம் கீமோ தொடர்ந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: கல்லீரல் எண் ஏறியதற்கு இந்தக் கேப்ஸ்யூல்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, பாக்லிடாக்சலே ஏற்றும், இரண்டும் சேர்ந்தும் ஏற்றியிருக்கலாம் என்றார். ஆனால் மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் கெடுவது நடக்காத விஷயமும் இல்லை. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கிற குழு, 2004 முதல் 2022 வரை வந்த நோயாளிகளில் 10 பேருக்கு மஞ்சள்தான் காரணம் என்று பதிவு செய்திருக்கிறது. அந்தப் பத்தில் 7 பேருக்கு எச்.எல்.ஏ. பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது, ஒருவர் இறந்தும் போனார். யாருக்கு அந்த வகை இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் போனது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அம்மா ராத்திரி தூங்காமல் "உள்ளே திரும்ப வளருதோ கண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ராத்திரிகளில்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மைக்ரோபயாலஜி படித்தவள், லேப் பக்கம் போய் வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தால் புரியும். அந்தத் தாளில் எழுதியிருப்பது முழுப் பொய் இல்லை, அதுதான் இதில் பெரிய சிக்கல். பாதி உண்மையை வைத்து விற்கிறார்கள்.

மரபணுவை அணைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் உடம்பில் தோலாக இருந்தாலும் கல்லீரலாக இருந்தாலும் அநேகமாக எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான். ஊருக்கெல்லாம் ஒரே பஞ்சாங்கம் இருப்பது மாதிரி. கல்யாண வீட்டில் முகூர்த்தப் பக்கத்தைப் பிரிப்பார்கள், காட்டுவேலைக்காரர் மழைப் பக்கத்தைப் பிரிப்பார், பயணம் போகிறவர் சூலம் பார்ப்பார். எந்த செல் எந்தப் பக்கத்தைப் பிரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஏற்பாடுதான் மரபணு ஒழுங்குமுறை. சில புரதங்கள் பக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும், டி.என்.ஏ. மேல் ஒட்டுகிற மீத்தைல் என்கிற சின்ன வேதித் துணுக்குகள் சில பக்கங்களைப் பசை போட்ட மாதிரி மூடி வைக்கும். புற்றுநோயில் இது தாறுமாறாகிறது, செல்லை அடக்கி வைக்கிற மரபணுக்களின் பக்கம் ஒட்டிக்கொள்ளும், வளரு வளரு என்கிற பக்கம் மூடாமலே கிடக்கும்.

இதில் என்.எஃப். கப்பா பி என்று ஒரு புரதம். சாதாரணமாக செல்லுக்குள் ஒரு காவல் புரதத்தோடு கட்டுண்டு சும்மா இருக்கும், அழற்சி வந்தால் கட்டு அறுந்து உட்கருவுக்குள் போய், செல்லைச் சாகாமல் காக்கிற மரபணுக்களைத் திறந்துவிடும். பல புற்றுநோய்களில் இது எப்போதும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல் மேல் குர்குமினை ஊற்றினால் இந்தப் புரதம் உட்கருவுக்குள் போவது குறைகிறது, செல் சாகிறது. இதைப் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. பச்சைத் தேயிலையில் இருக்கிற ஈ.ஜி.சி.ஜி. மீத்தைல் ஒட்டுகிற நொதியைத் தடுத்து, மூடிக் கிடந்த மரபணுக்களைத் திறந்ததாக 2003இல் கட்டுரை வந்தது. முட்டைக்கோஸ் குடும்பத்துச் சல்ஃபரபேனுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. சரி, இதுவரை அந்தத் தாளில் இருப்பது உண்மை.

இதற்கப்புறம் நடந்ததுதான் தாளில் இல்லை.

தட்டில் செல்லைக் கொல்ல குர்குமின் வேண்டியது பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலில் பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று சொல்கிற அளவு). வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு வருகிறது? டெக்சாஸில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் கணையப் புற்றுநோய்க்காரர்களுக்குத் தினம் 8 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், 2008இல் முடிவு வந்தது. 8 கிராம் என்றால் எங்கள் பாட்டிலில் பதினாறு கேப்ஸ்யூல், ஒரு நாளைக்கு. ரத்தத்தில் வந்தது மில்லிலிட்டருக்கு 22 முதல் 41 நானோகிராம், அதாவது ஒரு மைக்ரோமோலாரில் பத்தில் ஒரு பங்கு கூட நெருக்கிப் பிடித்துத்தான் வரும். குடல் சுவரும் கல்லீரலும் அதைப் பிடித்துச் சர்க்கரை அமிலம் ஒட்டி வெளியே தள்ளிவிடுகின்றன. தப்பிப் போனதும் நிலைக்காது. நம் ரத்தத்தின் காரத்தன்மையில், 37 டிகிரி சூட்டில், சீரம் இல்லாத கரைசலில் வைத்தால் அரை மணியில் 90 சதவீதம் சிதைகிறது என்று 1997இலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணையப் புற்றுநோய் ஆய்வில் மதிப்பிட முடிந்த 21 பேரில் இரண்டு பேரிடம் ஏதோ விளைவு தெரிந்தது, அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும், அதனால்தான் மிளகைச் சேர்க்கிறார்கள். எல்லா பாட்டிலிலும் "2000% அதிக உறிஞ்சுதல்" என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் செய்த சோதனை. ஆரோக்கியமான ஒரு சிலருக்கு 2 கிராம் குர்குமின் தனியாகவும், 20 மில்லிகிராம் பைப்பரினோடும் கொடுத்தார்கள். தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.006 மைக்ரோகிராம், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மிளகோடு 0.18. கணக்குப்படி பல மடங்குதான், ஆனால் அந்த 0.18 என்பது அரை மைக்ரோமோலார், தட்டில் தேவைப்பட்ட கீழ் எல்லைக்கே பத்தில் ஒரு பங்கு, அதுவும் முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறது. சோதனை நேர்மையான சோதனை, அதில் வந்த ஒரு எண்ணை மட்டும் பிய்த்து எடுத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வியாபாரம் நடக்கிறது.

மிளகு இதை எப்படிச் செய்கிறது என்று யோசித்தால்தான் டாக்டரின் பயம் புரியும். குர்குமினை வெளியே தள்ளுகிற கல்லீரல் நொதிகளின் கையைப் பைப்பரின் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கல்லீரலுக்குக் குர்குமினுக்கென்று தனி ஆள் கிடையாது. பைப்பரின் தடுக்கிறவற்றில் சிப் 3ஏ4 என்ற நொதியும் இருக்கிறது, மருந்தைச் செல்லிலிருந்து வெளியே இறைக்கிற பி-கிளைக்கோபுரதம் என்ற பம்ப்பும் இருக்கிறது, இரண்டையும் ஆய்வகத்தில் 2002இலேயே காட்டிவிட்டார்கள். பாக்லிடாக்சலை உடைக்கிற நொதிகளில் ஒன்று இதே சிப் 3ஏ4, பாக்லிடாக்சலை வெளியே தள்ளுவதும் இதே பம்ப். அம்மாவின் உயரம், எடை எல்லாம் பார்த்து மில்லிகிராம் சுத்தமாகக் கணக்குப் போட்டு டாக்டர் ஏற்றுகிற மருந்தின் அளவை, நாங்கள் வீட்டில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாமல், காலையும் ராத்திரியும் ஆட்டிவிட்டிருக்கலாம். கூடினால் விரல் மரத்துப்போவதும் வெள்ளணு குறைவதும் அதிகமாகும். பாக்லிடாக்சல் போட்டவர்களுக்குத் தெரியும், அம்மாவால் சட்டைப் பொத்தான் போட முடியாத நாட்கள் இருந்தன.

எங்களுக்கு அடுத்து வரப்போவது டமாக்சிஃபென், மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை, வருடக் கணக்கில். அதனால் அதையும் தேடினேன். நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்து மருத்துவமனையில் டமாக்சிஃபென் எடுக்கிற 16 பேருக்குக் குர்குமினும் பைப்பரினும் சேர்த்துக் கொடுத்து அளந்திருக்கிறார்கள், 2019இல் வெளிவந்தது. ரத்தத்தில் டமாக்சிஃபெனும், அது உடம்பில் மாறி உண்மையில் வேலை செய்கிற எண்டாக்சிஃபெனும் சுமார் 12 சதவீதம் குறைந்தன. இங்கே கூடவில்லை பாருங்கள், குறைகிறது. எந்த மருந்தோடு சேர்ந்தால் எந்தப் பக்கம் போகும் என்று வீட்டில் உட்கார்ந்து நம்மால் சொல்ல முடியாது. அம்மாவுக்கு முதலில் போன நாலு கீமோவில் சைக்ளோபாஸ்பமைடும் இருந்தது. மார்பகப் புற்றுநோய் வைத்த எலிகளுக்குக் குர்குமின் கலந்த தீனி போட்டால் அதே மருந்தின் வேலை மழுங்கியது என்று 2002இல் கட்டுரை வந்திருக்கிறது. எலிதான், மனிதரில்லை. ஆனால் தட்டில் செல் செத்ததை விளம்பரத்தில் போடுகிறவர்கள் எலியில் மருந்து மழுங்கியதையும் போட வேண்டாமா? பச்சைத் தேயிலைக்கும் இதே கதைதான், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற போர்டிசோமிப் என்ற மருந்தை ஈ.ஜி.சி.ஜி. நேராகப் போய்ப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுத்ததை 2009இல் காட்டினார்கள். யாராவது வீட்டில் அந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கிரீன் டீ கேப்ஸ்யூலைத் தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாமா விடவில்லை. "அப்படின்னா செடியில ஒன்னுமே இல்லைன்னு சொல்றயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் அம்மாவின் கையில் ஏறிக்கொண்டிருந்தது. பாக்லிடாக்சல் ஒரு மரத்துப் பட்டை. அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் வாஷிங்டன் மாநிலத்தில் வெட்டிக் கொண்டுபோனார்கள், மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்து 1971இல் அமைப்பை வெளியிட்டார்கள். வானி நம் நாட்டில் பிறந்தவர். அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி 1979இல் கண்டுபிடித்தார், ஒப்புதல் வந்தது 1992இல், கருப்பைக்குப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோய்க்கு. முப்பது வருடம். ஒரு கிலோ எடுக்கச் சுமார் 10,000 கிலோ பட்டை தேவைப்பட்டது, மரங்களே அழிந்துவிடும் என்று பயந்துதான் ஐரோப்பிய யூ மரத்தின் ஊசி இலையிலிருந்து பாதி வேலை முடிந்த பொருளை எடுத்து மீதியை வேதியியலில் முடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது என்பதால் அதைக் கரைக்கிற எண்ணெய்கூட ஆமணக்கிலிருந்து வந்ததுதான், கீமோவுக்கு முன்னால் அலர்ஜி ஊசிகள் போடுவதற்கு அந்த எண்ணெயும் ஒரு காரணம்.

எங்கள் வாசலில் நித்தியகல்யாணி நிற்கிறது, சுடுகாட்டு மல்லி என்று பாட்டி வைக்கவே விடமாட்டார். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அதிலிருந்துதான், வின்கிரிஸ்டினுக்கு 1963இல் ஒப்புதல் வந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் அது இருக்கிறது. (இலையைக் கசக்கிக் குடிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நஞ்சு.) எடோபோசைடின் மூலம் மே ஆப்பிள் குடும்பத்துச் செடி. இரினோடெகானின் மூலமான கேம்ப்டோதெசின் முதலில் சீனத்து மரத்தில் கிடைத்தது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதைத் தருகிற மரம் ஒன்று உண்டு.

இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஜெயித்த இந்தச் செடி மருந்துகள் எதுவும் மரபணு சுவிட்சை மெல்ல அணைத்து ஜெயிக்கவில்லை. பாக்லிடாக்சலும் வின்கிரிஸ்டினும் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கிற நூல்களைக் கெடுக்கின்றன, ஒன்று அவிழவிடாது, இன்னொன்று கட்டவிடாது. எடோபோசைடும் இரினோடெகானும் டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்துகிற நொதிகளை மாட்ட வைக்கின்றன. எல்லாமே முரட்டு வேலை, அதனால்தான் முடியும் கொட்டுகிறது. மரபணு ஒழுங்குமுறையைத் தொட்டு ஜெயித்த மருந்துகள் தனியாக இருக்கின்றன. வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவத்தை வைத்து ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற டாக்டர் 1985இல் ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் குழந்தையைக் காப்பாற்றினார், கெட்டுப்போன ஒரு புரதம் மூடி வைத்திருந்த பக்கங்களை அது திறந்து செல்லை முதிர வைத்தது. மீத்தைலை எடுக்கிற அசாசைடிடினுக்கு 2004இல் ஒப்புதல். செடியிலிருந்து வந்து நேராக மரபணு வாசிப்பையே நிறுத்துகிற ஒன்றும் உண்டு, நம் நாட்டு மரம் ஒன்றில் கிடைத்த ரோஹிடுகின் என்ற பொருளை மாதிரியாக வைத்துச் செய்த ஃபிளேவோபிரிடால். ரத்தப் புற்றுநோய்களில் எத்தனையோ சோதனை செய்தும் அது கடைக்கு வரவில்லை. அத்தனை பேர் அத்தனை வருடம் மல்லுக்கட்டியும் வராத இடத்துக்கு 1,349 ரூபாய்க் கேப்ஸ்யூல் எப்படி வந்தது?

குர்குமினுக்குச் சாதகமாக இருப்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நானும் அந்தத் தாள் மாதிரி ஆகிவிடுவேன். ஆர்மீனியாவில் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 150 பெண்களிடம் பாக்லிடாக்சலோடு குர்குமினைச் சேர்த்துப் பார்த்த சோதனை 2020இல் வந்தது. கட்டி சுருங்கியவர்கள் குர்குமின் பக்கம் 51 சதவீதம், வெறும் மருந்து பக்கம் 33 சதவீதம். படித்தபோது என் நெஞ்சு படபடத்தது, தப்பு செய்துவிட்டோமோ, நிறுத்தியிருக்கக் கூடாதோ என்று. ஆனால் அவர்கள் கொடுத்தது நரம்பு வழியாக, வாரம் 300 மில்லிகிராம், மருத்துவமனையில், ரத்தம் பார்த்துப் பார்த்து. வாயால் விழுங்கவில்லை, மிளகும் இல்லை. பெரிய அளவில் இன்னொரு முறை யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஏனென்றால் சின்ன சோதனையில் மின்னியது பெரிய சோதனையில் மங்குவதையும் பார்த்துவிட்டேன்: ரேடியேஷனில் தோல் வெந்துபோவதைக் குர்குமின் குறைக்கிறது என்று அமெரிக்காவில் 30 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் 2013இல் நல்ல முடிவு வந்தது, அதே குழு 686 பேரிடம் செய்தபோது, 2018இல், வித்தியாசம் இல்லை என்று ஆகிவிட்டது. தாங்களே முன்பு சொன்னதைத் தாங்களே வெளியிட்டுத் திருத்திக்கொண்டார்கள், அவர்களை நான் மதிக்கிறேன்.

2017இல் வேதியியலாளர்கள் சிலர் சேர்ந்து குர்குமின் பற்றி வந்த எல்லாவற்றையும் அலசினார்கள். 120க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், இரு தரப்புக்கும் தெரியாமல் போலி மருந்தோடு ஒப்பிட்ட சோதனை எதிலும் அது தெளிவாக வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், எனக்கு அது புதிது: குர்குமின் தானே ஒளிரும், கையில் கிடைத்த புரதத்தோடெல்லாம் ஒட்டும், அதனால் ஆய்வகக் கருவி வேலை நடக்கிறது என்று தவறாகக் காட்டிவிடும். இது போக, இந்தத் துறையில் வந்த கட்டுரைகளில் படங்களில் கோளாறு என்று பத்திரிகைகளே திரும்பப் பெற்றவை நிறைய. தாளின் அடியில் போட்டிருந்த ஆறு கட்டுரைகளில் ஒன்று அப்படித் திரும்பப் பெறப்பட்டது, நானே தேடிப் பார்த்தேன்.

சமையலில் போடலாமா என்று கேட்பீர்கள், நாங்களும் கேட்டோம். தாராளமாக என்றார் டாக்டர். மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுக்குத்தான், அம்மா ஒரு நாளில் விழுங்கிய இரண்டு கேப்ஸ்யூலுக்குச் சமமாகக் குழம்பில் போட வேண்டுமென்றால் சுமார் 30 கிராம் தூள், ஒரு கைப்பிடி. யார் அப்படிச் சமைக்கிறார்கள்? மிளகு ரசத்திலும் பைப்பரின் இருக்கிறதே என்றதற்கு, இத்தனை வருடமாகச் சாப்பிடுகிற அளவில் சாப்பிடட்டும், காட்டமான மிளகுக் கஷாயம் மட்டும் கீமோ முடிகிறவரை வேண்டாம் என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி அந்தப் பாட்டிலைப் பற்றி. பின்பக்கம் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட்டிருக்கிறது, சப்ளிமென்ட் என்று விற்றால் சட்டப்படி போட்டாக வேண்டும். உள்ளே இருக்கிற தாள் புற்றுநோய் மரபணுவை அணைக்கும் என்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டும். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடத்துச் சட்டமே தடுக்கிறது, அதனால் "குணப்படுத்தும்" என்ற வார்த்தையைத் தாண்டிக் குதித்து "மரபணு" என்கிறார்கள். போனில் பேசிய பெண் இன்னும் ஒரு படி மேலே போய், "கீமோவோட எடுத்தா ரிசல்ட் டபுள் மேடம், டாக்டர்கிட்ட சொன்னா வேண்டாம்பாங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பயந்துபோய் எதையாவது பிடித்துக்கொள்ள மாட்டோமா என்று நிற்கிற குடும்பத்திடம், அவர்களைக் காப்பாற்றுகிற ஒரே ஆளிடம் மறைக்கச் சொல்வது எப்படிப்பட்ட வியாபாரம்? உங்களிடம் எந்தக் கம்பெனி இப்படிச் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம், பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் கீமோ டாக்டரிடம் காட்டுங்கள். வாயால் "மஞ்சள் மாத்திரை" என்று சொன்னால் போதாது, பின்பக்கத்தை அவர் பார்க்க வேண்டும். திட்டுவாரோ என்று அம்மா பயந்தார். அவர் திட்டவே இல்லை, "சொன்னீங்களே, அதுவே நல்லது" என்றார். டாக்டரிடம் நேரம் கிடைக்காவிட்டால் கீமோ வார்டு சிஸ்டரிடம் காட்டுங்கள், எங்கள் வார்டில் இருந்த சிஸ்டர் அக்கா, டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாதவை என்று பைப்பரின், கிரேப்ஃப்ரூட், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை எல்லாம் போட்டு ஒரு பட்டியலையே சுவரில் ஒட்டி வைத்திருந்தார், மூன்று மாதம் அதன் எதிரில் உட்கார்ந்தும் நான் படிக்கவில்லை.

பன்னிரண்டாவது பாக்லிடாக்சல் போன வாரம் முடிந்தது. எஸ்.ஜி.பி.டி. 29. மாமா மண்டியிலிருந்து நல்ல விரலி மஞ்சளாகப் பார்த்து எடுத்து, அவரே வெயிலில் காயவைத்து அரைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், ரசத்துக்கு அதுதான் ஓடுகிறது. கம்பெனியிடம் பணம் திரும்பக் கேட்டதற்கு அடுத்த ஆர்டரில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று மெயில் வந்தது. மீதி 22 கேப்ஸ்யூல், அந்தத் தாள், பில் மூன்றையும் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது, பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.